பிரிண்டரைக் கணினி வழியாகப் பகிரலாமா, நேரடியாக நெட்வொர்க்கில் விடலாமா?

யூஎஸ்பியில் மாட்டிய பிரிண்டரை மற்ற கணினிகளுக்கும் கொடுக்க, விண்டோஸின் பகிர்வு வசதிதான் பலருக்கும் முதலில் கண்ணில் படும். பிரிண்டர் அமைப்பில் ஷேரிங் பக்கம் போய் ஒரு டிக் போட்டுப் பெயர் வைத்தால் போதும். செலவு கிடையாது. ஆனால் பிரிண்டர் மாட்டிய கணினி விழித்திருக்க வேண்டும். அது ஸ்லீப்புக்குப் போனதும் மற்றவர்களுக்குப் பிரிண்டர் ஆஃப்லைன் ஆகிவிடும். யாராவது எழுந்து போய் அதைத் தட்டி எழுப்ப வேண்டும். இரண்டு வருடம் இப்படி ஓட்டிய அனுபவத்தில் சொல்கிறேன், இது தீராத தொல்லை.

பாதுகாப்புச் சிக்கலும் உண்டு. 2021-இல் விண்டோஸில் அச்சு வேலைகளை வரிசைப்படுத்தி அனுப்பும் பிரிண்ட் ஸ்பூலரில் பிரிண்ட்நைட்மேர் என்ற பெரிய ஓட்டை வெளிப்பட்டது. அதை அடைக்க வந்த அப்டேட்டுகளுக்குப் பிறகு, பகிர்ந்த பிரிண்டரின் டிரைவரை (அதை இயக்கும் மென்பொருளை) நிறுவ அட்மின் அனுமதி கட்டாயமானது. பல இடங்களில் 0x0000011b என்ற பிழையும் தலைகாட்டியது. விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை 0 ஆக்கினால் அது போய்விடும் என்பார்கள். போய்விடும்தான், கூடவே அந்தப் பாதுகாப்பும் போய்விடும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

பிரிண்டரிலேயே வைஃபையோ லேன் போர்ட்டோ இருந்தால் கணினியை நடுவில் வைக்கவே வேண்டாம். நெட்வொர்க்கில் அச்சிடுவதற்கான ஐபிபி முறையில் 631-ஆம் போர்ட் வழியாக ஒவ்வொரு கணினியும் பிரிண்டருடன் நேராகப் பேசிக்கொள்ளும். ஆப்பிளின் ஏர்பிரிண்ட் வசதி இருந்தால் ஐபோனுக்கு டிரைவரே தேவையில்லை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ரவுட்டரில் பிரிண்டருக்கு நிலையான ஐபி முகவரி ஒதுக்கிவிடுங்கள். முகவரி மாறிப்போய், 'நேற்று வந்ததே, இன்று ஏன் வரவில்லை' என்று தவிப்பது இதனால்தான் பெரும்பாலும்.

சரி, யூஎஸ்பி மட்டும் உள்ள பழைய பிரிண்டர் என்றால்? ராஸ்பெரி பை போன்ற குட்டிக் கணினியில் லினக்ஸும், பிரிண்டரைப் பகிரும் மென்பொருளான கப்ஸும் போட்டு, அதில் பிரிண்டரை மாட்டிவிடலாம். எந்நேரமும் ஓடினாலும் மின்சாரம் அதிகம் இழுக்காது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் ஒரே இடத்திலிருந்து அச்சு போகும். அமைக்க ஒரு மாலைப்பொழுது பிடிக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். ஆனால் வாங்கும் முன் உங்கள் மாடலுக்கு லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா, அது ராஸ்பெரி பையில் உள்ள ஏஆர்எம் வகைச் சிப்பில் ஓடுமா என்று பாருங்கள். சில மாடல்களுக்கு இன்டெல் வகைக் கணினிக்கான டிரைவர் மட்டுமே உண்டு. அப்படியென்றால் பழைய லேப்டாப் ஒன்றை அந்த வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.