மறைச்சொல்லை அப்படியே திருப்பி அனுப்பிய சேலைக் கடை

இணையத்தில் சேலை, நகை, பலகாரம் என்று சின்னச் சின்னக் கடைகளில் கணக்குத் திறந்து வாங்குகிறவர்கள் தயவுசெய்து இதைக் கடைசிவரை படியுங்கள். எனக்கு இரண்டே நாளில் 1,600 சிங்கப்பூர் வெள்ளி போனது. நான் எந்த இணைப்பையும் அழுத்தவில்லை. யாரிடமும் ஓடிபி சொல்லவில்லை.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. 2021 டிசம்பரில் போலிக் குறுஞ்செய்தியில் வந்த இணைப்பை நம்பி, ஓசிபிசி வங்கி வாடிக்கையாளர்கள் 790 பேர் மொத்தம் 13.7 மில்லியன் வெள்ளியை இழந்தார்கள். அதற்குப் பிறகு இங்கே சிங்கப்பூரில் உள்ள வங்கிகள் வாடிக்கையாளர்களுக்குக் குறுஞ்செய்தியில் இணைப்பு அனுப்புவதையே நிறுத்தின. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் தெரியாத இணைப்பைத் தொடுவதில்லை. அது போதும் என்று நம்பியிருந்தேன்.

போன தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பு, லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவில் கடையும் இணையத்தில் விற்பனையும் நடத்தும் ஒரு சேலைக் கடையில் கணக்குத் திறந்தேன். மறைச்சொல்லாக (பாஸ்வேர்ட்) மகன் பெயர், எங்கள் புளோக் எண், கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி. எல்லா இடத்திலும் அதுதான். மின்னஞ்சலுக்கும் அதுதான், அடிக்கடி பொருள் வாங்கும் பெரிய ஷாப்பிங் செயலிக்கும் அதுதான். சேலை நேரத்துக்கு வந்தது, நன்றாகவும் இருந்தது. அக்காவுக்கும் ஒன்று வாங்கலாம் என்று மறுபடி போனபோது பெரிய எழுத்து எதில் போட்டேன் என்பது மறந்துவிட்டது. ‘மறைச்சொல் மறந்துவிட்டதா’ என்பதை அழுத்தினேன். இரண்டு நிமிடத்தில் கடையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. மேலே மஞ்சள் பட்டை, அதன் கீழே ‘உங்கள் மறைச்சொல்’ என்று போட்டு, என் மறைச்சொல் முழுதாக, எழுத்துக்கு எழுத்து.

அன்று எனக்கு அது வசதியாகப் பட்டது. அங்கேயே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். ஏன் என்பதைப் பிறகு என் அண்ணன் மகன்தான் விளக்கினான். பலதுறைத் தொழிற்கல்லூரியில் கணினிப் பாதுகாப்பு படிக்கிறான். ஒழுங்கான தளம் நம் மறைச்சொல்லை அப்படியே வைத்துக்கொள்ளாது. அரிசியை மாவாக அரைப்பது போல, திரும்பப் பெற முடியாத வேறொரு உருவமாக மாற்றித்தான் சேமிக்கும். நாம் ஒவ்வொரு முறை நுழையும்போதும் நாம் தருவதை அதே மாதிரி அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று பார்க்கும். மாவிலிருந்து அரிசியை எடுக்க முடியாது. அதனால் நாம் மறந்துவிட்டால், புதிதாக ஒன்று வைத்துக்கொள்ள வழி தருவதைத் தவிர அந்தத் தளத்தால் வேறு எதுவும் செய்ய முடியாது. “அத்தை, பழைய மறைச்சொல்லையே திருப்பி அனுப்புகிற கடை, உங்கள் வீட்டுச் சாவியைக் கல்லாப்பெட்டி மேலேயே தொங்க விட்டிருக்கிறது என்று அர்த்தம்” என்றான். கல்லாவைத் தொடுகிறவன் எல்லாச் சாவியையும் எடுத்துக்கொண்டு போகலாம். அதிலும் நம் மின்னஞ்சல் முகவரி பக்கத்திலேயே எழுதியிருக்கும்.

தீபாவளி முடிந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை எழுந்தபோது, ஷாப்பிங் செயலியில் 200 வெள்ளி ஏழு முறை எடுக்கப்பட்டதாக வங்கிக் குறுஞ்செய்திகள் இருந்தன. மொத்தம் 1,400. வாங்கப்பட்டவை எல்லாம் கிஃப்ட் கார்டு. அவை மின்னஞ்சலில் வெறும் எண்ணாக வரும். எண்ணைப் பார்த்தவர் உடனே செலவழித்துவிடலாம். வீட்டு முகவரி, பார்சல் எதுவும் தேவையில்லை. செயலியில் என் அட்டையைச் சேமித்து வைத்திருந்ததால் ஓடிபியும் கேட்கவில்லை. என் மின்னஞ்சலில் அந்த வாங்கலுக்கு ஒரு ரசீதுகூட இல்லை என்பது எனக்குப் புரியவே இல்லை.

வங்கியைக் கூப்பிட்டு அட்டையை முடக்கினேன். செயலியின் மறைச்சொல்லை மாற்றினேன். பிரச்சினை முடிந்தது என்று வேலைக்குப் போனேன். புதன்கிழமை இரவு, செயலியின் பணப்பையில் இருந்த 214 வெள்ளியில் இன்னொரு 200 போய்விட்டது. நான் வைத்த புது மறைச்சொல்லும் வேலை செய்யவில்லை. யாரோ அதையும் மாற்றியிருந்தார்கள்.

அப்போதுதான் மின்னஞ்சல் மேல் சந்தேகம் வந்தது. சரி என்று அதன் மறைச்சொல்லையும் மாற்றினேன். அப்படியும் வெள்ளிக்கிழமை செயலிக்குள் மறுபடி நுழைந்திருந்தார்கள். எடுக்கப் பணம் இல்லாததால் என் தொலைபேசி எண்ணை மட்டும் மாற்றிவிட்டுப் போயிருந்தார்கள். அந்த மூன்று இரவும் நான் சரியாகத் தூங்கவில்லை. கையில் இருக்கும் தொலைபேசியே எனக்குப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகன் வந்து மின்னஞ்சலின் அமைப்புகளைத் திறந்தான். அங்கே நான் போடாத ஒரு ஃபில்டர் இருந்தது. ஷாப்பிங் செயலியின் பெயரோ, ‘பாஸ்வேர்ட்’ என்ற சொல்லோ உள்ள எந்த அஞ்சல் வந்தாலும், அதை முன்பின் தெரியாத ஒரு முகவரிக்கு அனுப்பிவிட்டு, என் கண்ணில் படாமல் குப்பைக்குத் தள்ள வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார்கள். ரசீது வராதது அதனால்தான். நான் மின்னஞ்சலின் மறைச்சொல்லை மாற்றியபோது அவர்கள் கையிலிருந்த சாவிதான் செல்லாமல் போனது. அந்த ஃபில்டர் அப்படியே இருந்து வேலை பார்த்தது. அவர்கள் செயலியில் ‘மறந்துவிட்டது’ என்று அழுத்தியதும், மாற்றுவதற்கான இணைப்பு என் பெட்டி வழியாகவே அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

அதனால்தான் வரிசை முக்கியம் என்கிறேன். கணக்கு பறிபோனது தெரிந்தால் பணம் போன இடத்தில் கை வைக்கும் முன் மின்னஞ்சலைச் சரிசெய்யுங்கள். வங்கி அட்டையை முடக்குவது மட்டும் அதற்கும் முன்னால். மின்னஞ்சலில் மறைச்சொல்லை மாற்றினால் மட்டும் போதாது. எல்லாச் சாதனங்களிலிருந்தும் அந்தக் கணக்கை வெளியேற்றுங்கள் (லாக் அவுட்). ஃபில்டர், ஃபார்வர்டிங் (வரும் அஞ்சலை வேறு முகவரிக்குத் தானாக அனுப்புவது) இரண்டையும் திறந்து பாருங்கள். மீட்புக்கான தொலைபேசி எண்ணும் மாற்று மின்னஞ்சலும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். வேறு செயலிகளுக்கு அனுமதி கொடுத்த பட்டியல் ஒன்று இருக்கும், அதில் தெரியாதது எது இருந்தாலும் நீக்குங்கள். பிறகு, மறைச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டு, அப்புறம்தான் மற்றக் கணக்குகளுக்குப் போக வேண்டும். எனக்கு மொத்தம் 31 கணக்குகள் இருந்தன. ஒரு ஞாயிறு முழுவதும் ஆனது.

புது மறைச்சொற்களை உலாவியில் உள்ள மறைச்சொல் நிர்வாகியே உருவாக்கி வைத்துக்கொள்கிறது. நான் மனப்பாடம் செய்தவை மூன்றுதான். அவற்றுக்குச் சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு சொல்லும் வழியைப் பின்பற்றினேன்: உங்களுக்கு மட்டுமே தெரிந்த ஒரு நினைவிலிருந்து ஐந்து சொற்களைக் கோத்து, குறைந்தது 12 எழுத்துகள் வருமாறு வைப்பது. பாட்டி வீட்டுக் கொல்லையில் நடந்த ஒரு சம்பவத்தைத் தமிழ்ச் சொற்களாகவே ஆங்கில எழுத்தில் கோத்தேன். பாட்டு வரி, குறள் வரி வேண்டாம். அவை ஊருக்கே தெரிந்தவை.

எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது என்று என்னைக் கேட்கிறார்கள். நான் வேலை பார்க்கும் இடத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். எல்லாரும் கடைசி எண்ணை 1, 2, 3 என்று ஏற்றிக்கொண்டே போவோம். தொழில்நுட்பத் தரநிலைகளை வகுக்கும் அமெரிக்க அரசின் நிஸ்ட் அமைப்பே 2017-இல் வெளியிட்ட வழிகாட்டியில், காரணமில்லாமல் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம், கசிந்ததற்கு அறிகுறி இருந்தால் கட்டாயம் மாற்றச் சொல்லுங்கள் என்றது. ஒவ்வொரு கணக்குக்கும் தனி மறைச்சொல் இருந்தால் இதுதான் சரி என்று எனக்கும் படுகிறது. கசிவு தெரிய, டிராய் ஹன்ட் என்பவர் 2013-இல் தொடங்கிய ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ தளத்தில் உங்கள் மின்னஞ்சல் முகவரியை இட்டுப் பாருங்கள். அதில் மறைச்சொல் கேட்க மாட்டார்கள். என் முகவரி இரண்டு பழைய கசிவுகளில் இருந்தது. ஆனால் அந்தக் காலத்தில் நான் வைத்திருந்த மறைச்சொல் வேறு.

கடைக்குப் போன் செய்தேன். “வேறு யாரும் புகார் சொல்லலையே அக்கா, நீங்கதான் எங்கேயாவது கொடுத்திருப்பீங்க” என்றார் எடுத்தவர். மறைச்சொல்லை ஏன் அப்படியே அனுப்புகிறீர்கள் என்று கேட்டதற்கு, வாடிக்கையாளர் வசதிக்காக, வெளியாள் ஒருவர் செய்து கொடுத்தது என்றார். கசிந்தது அங்கிருந்துதான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. அப்படி அனுப்புவது தவறு என்பதற்கு அந்த மின்னஞ்சலே சாட்சி. என் கணக்கை அழிக்கச் சொன்னேன். அழித்துவிட்டோம் என்றார்.

காவல்துறையில் புகார் கொடுத்தேன். சந்தேகம் வந்த உடனே 1799 என்ற மோசடித் தடுப்பு எண்ணை அழைத்திருந்தால் புதன்கிழமை இழப்பாவது தப்பியிருக்கும். தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கும் அந்த மின்னஞ்சலை இணைத்து எழுதியிருக்கிறேன். 2021 பிப்ரவரியிலிருந்து இங்கே சட்டம் இருக்கிறது: 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தனிப்பட்ட தரவு கசிந்தால், அது அறிவிக்க வேண்டிய கசிவு என்று உறுதிசெய்த 3 நாள்களுக்குள் நிறுவனம் ஆணையத்திடம் சொல்லியாக வேண்டும். கடை சின்னது என்பதால் விலக்கு கிடையாது. அட்டையில் போன 1,400 ஏழு வாரம் கழித்துத் திரும்பி வந்தது. பணப்பையில் போன 200 வரவில்லை.

இதை எழுதும் முன் அந்தக் கடையின் தளத்துக்குப் போய் ‘மறைச்சொல் மறந்துவிட்டதா’ என்பதில் என் முகவரியை இட்டு அழுத்தினேன். இரண்டு நிமிடத்தில் வந்தது. மஞ்சள் பட்டை, அதன் கீழே மகன் பெயர், புளோக் எண், ஆச்சரியக்குறி.