ஆர்கேட் பெட்டிக்கு எம்டிஎஃப்பா, பிளைவுட்டா?

ஆர்கேட் பெட்டியை, அதாவது நின்றோ இருந்தோ வீடியோ கேம் விளையாடும் பெட்டியை, முதன்முதலாகச் செய்ய இறங்குபவர்கள் அதிகம் தடுமாறுவது பலகையில்தான்: எம்டிஎஃப்பா (மரநாரை அழுத்திச் செய்த பலகை), பிளைவுட்டா (மெல்லிய மரத்தாள்களை ஒட்டிய பலகை)? எதுவானாலும் 18 மில்லிமீற்றர் தடிப்பு எடுங்கள்.

விலை: எம்டிஎஃப் மலிவு. நல்ல பிளைவுட்டுக்கு விலை அதிகம்.

துளை: 30 மில்லிமீற்றர் பொத்தான் துளை எம்டிஎஃப்பில் வழவழப்பாக விழும், தூசு பொல்லாதது, முகக்கவசம் கட்டாயம். பிளைவுட்டின் பின்பக்கம் சிராய் பெயரும். அடியில் வீண்பலகையை இறுக்கிவைத்துத் துளையிடுங்கள்.

ஈரம்: கொழும்பு வெள்ளவத்தைக் கடற்காற்றில் இதுதான் முக்கியம். எம்டிஎஃப் விளிம்பு தண்ணீர் குடித்து ஊதினால் பழையபடி வராது. தரை கழுவும்போது அடிப்பாகம்தான் முதலில் பழுதாகும். விளிம்புக்கு ஈரம் புகாமல் அடைக்கும் சீலர் இரண்டு பூச்சு, அடியில் ரப்பர் கால் போடுங்கள். பிளைவுட் அதிகம் தாங்கும்.

திருகாணி: முன்துளை இல்லாவிட்டால் எம்டிஎஃப் விளிம்பு பிளக்கும்.

மாடிவீட்டுக்கு ஏற்ற வேண்டிய முழுப்பெட்டிக்குப் பிளைவுட், எடையும் குறைவு. மேசைமேல் வைக்கும் சிறுபெட்டிக்கு எம்டிஎஃப் போதும்.