இரட்டைக்கோட்டு நோட்டா, டேப்லெட்டா?

பெங்களூருவில் வளரும் தமிழ்க் குழந்தைக்கு ஆங்கிலத்தையும் கன்னடத்தையும் பள்ளி பார்த்துக்கொள்கிறது. தமிழ் பெரும்பாலும் வீட்டார் பொறுப்பாகிவிடுகிறது. அந்தப் பொறுப்பை ஏற்ற பெற்றோர் முன் இன்று இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, அரிச்சுவடியும் இரட்டைக்கோட்டு நோட்டும் பென்சிலும். மற்றொன்று, டேப்லெட்டும் அதிலுள்ள எழுத்துப் பயிற்சிச் செயலிகளும். இரண்டாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகளுக்கு எழுத நோட்டு, படிக்க இரண்டும் என்று முடிவு செய்தோம். என் சாய்வு நோட்டின் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செலவு, கண் எரிச்சல், இடையில் குதிக்கும் விளம்பரம் ஆகியவை எல்லோரும் அறிந்தவை. படிப்பதைப் பொறுத்தவரை திரைமேல் எனக்குப் பெரிய குறை இல்லை. அல்சூர் தமிழ்ச் சங்க நூலகத்தை விட்டால், ஒயிட்ஃபீல்டு பக்கம் இருக்கும் எங்களுக்குத் தமிழ்ச் சிறுவர் நூல் கடையில் கண்ணில் படுவதே அரிது. இதே ஊரிலிருந்து இயங்கும் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம் அந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கிறது. நிலைவாரியாகப் பிரித்த கதைகள் இலவசமாகக் கிடைப்பதோடு, பல கதைகளைக் கன்னடத்திலும் தமிழிலும் அடுத்தடுத்துப் படிக்கவும் முடிகிறது.

ஆகவே வழக்கு முழுவதும் எழுதுவதைப் பற்றியதுதான். நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் ஏதேனும் ஒரு மொழியைப் புரிதலோடு படிக்கவும் எழுதவும் தெரிந்தவரையே எழுத்தறிவு பெற்றவராகக் கொள்கிறது. படிக்க மட்டும் தெரிந்தவர் அதில் சேரமாட்டார். 2011இன் எழுத்தறிவு விகிதமான சுமார் 73 சதவீதம் இந்த அளவுகோலில் வந்த கணக்கே. வந்த செய்தியைச் சரளமாகப் படித்துவிட்டு, பதிலைக் குரலில் சொல்லி அனுப்பும் தலைமுறைக்கு இந்த 'எழுதவும்' என்ற பாதிதான் இடிக்கிறது.

டேப்லெட்டில் பிள்ளைகள் தமிழ் எழுதும் வழக்கமான முறையைக் கவனித்தால் இது விளங்கும். ஆங்கில எழுத்துகளில் ஒலியைத் தட்டினால் மலை, மாலை, மழை என்று சொற்கள் வரிசையாக வந்து நிற்கும். வேண்டியதைத் தொட்டால் போதும். அதற்குச் சொல்லை அடையாளம் காணத் தெரிய வேண்டும், எழுதத் தெரிய வேண்டியதில்லை. தவறாகத் தொட்டு 'நேற்று மலை பெய்தது' என்று அனுப்பினாலும், மலையும் அகராதிச் சொல்லே ஆதலால் பிழைதிருத்தி பெரும்பாலும் வாய் திறக்காது. நோட்டிலோ, 'எந்த ழ போடணும்ப்பா?' என்ற கேள்வி பென்சிலை நிறுத்திவிடுகிறது. ழகரமும் றகரமும் இன்றைய கன்னட எழுத்தில் இல்லாததால், இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வி கூடுதலாகவே வருகிறது. மூன்று சுழி ணகரத்துக்கும் இரண்டு சுழி னகரத்துக்கும் நடக்கும் பஞ்சாயத்து தனி.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது கொம்பும் புள்ளியும். கன்னடத்தில் உயிர்க்குறிகள் எழுத்தின் மேலும் கீழும் வலப்புறமுமாக ஒட்டிக்கொள்கின்றன. முன்னால் எதுவும் வருவதில்லை. தமிழில் 'கொடி' என்று எழுத, ககரத்துக்கு முன்பே ஒற்றைக் கொம்பைப் போட்டு, பின்னர் ககரத்தை எழுதி, அதன்பின் காலை இட வேண்டும். அதாவது அசை முழுவதும் மனத்தில் உருவான பிறகே கை நகர முடியும். எங்கள் மகள் முதலில் ககரத்தை எழுதிவிட்டு, கொம்புக்கு இடமில்லாமல் கோட்டுக்கு வெளியே போய் அதை ஒட்டவைப்பாள். சில வாரங்களில், எழுதுவதற்கு முன் சொல்லை வாய்க்குள் சொல்லிப்பார்க்கும் பழக்கம் தானாகவே வந்தது. செயலிகளிலும் எழுத்துப் பயிற்சி உண்டு. ஆனால் புள்ளிக்கோட்டின் மேல் விரலை ஓட்டி நட்சத்திரம் வாங்குவதில் எழுத்தை நினைவிலிருந்து எடுக்கும் வேலை இல்லை.

என் வாதத்துக்கு எதிராக வைக்கத் தக்கது தமிழ்99 விசைப்பலகை. 1999இல் தமிழக அரசு ஏற்ற இந்த அமைப்பில் தமிழ் எழுத்தையே நேரடியாகத் தட்டுவதால் லகரமா ழகரமா என்பதைத் தட்டுபவரே முடிவு செய்தாக வேண்டும். அந்த அளவில் ஒலிபெயர்ப்பு முறையைவிட அது எவ்வளவோ மேல். எனினும் அதிலும் ககரத்தைத் தட்டிய பிறகே ஒகரத்தைத் தட்டுகிறோம். கொம்பும் காலும் தாமாக அமர்கின்றன. ஒரே மெய் இரட்டித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளியும் தானே விழுகிறது. உயிரும் மெய்யும் தெரிந்தால் 216 உயிர்மெய்களும் வந்துவிடுவது நாள் முழுவதும் தட்டச்சு செய்யும் என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய வசதி. புள்ளி எங்கே வரும் என்று காதால் கேட்டுப் பழக வேண்டிய வயதில் அதே வசதி பயிற்சியைத் தின்றுவிடுகிறது.

இவையெல்லாம் ஒரு குழந்தையை வைத்துச் சொல்பவை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் தமிழைத் தொடங்குபவர்களுக்கு இது எந்த அளவு பொருந்தும் என்று சொல்லும் அனுபவம் எனக்கு இல்லை. பள்ளிப் பக்கமே போகாத என் பெரியம்மாவுக்கு நோட்டு வாங்கித் தரவும் மாட்டேன். குரல்செய்தியே அவருக்குப் போதும். மகளுக்கு வார நாட்களில் நோட்டில் ஒரு பக்கம், இரவில் திரையிலோ புத்தகத்திலோ ஒரு கதை என்பதே இப்போதைய ஏற்பாடு. தமிழ்99ஐ மூன்றாம் வகுப்பிலேயே தொடங்கிவிடலாம் என்கிறாள் மனைவி. சொல்வதை எழுதுதலில் புள்ளி தவறாமல் விழும்வரை பொறுக்கலாம் என்கிறேன் நான்.