கறுக்கும் ஏ.டி.எஃப்.: வடித்து ஊற்றுவதா, மெஷினில் மாற்றுவதா?

பழைய ஆட்டோமேட்டிக் வண்டியில் புது ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) ஊற்றிய சில வாரங்களிலேயே டிப்ஸ்டிக்கில் பழுப்பு ஏறினால், உடனே கியர்பாக்ஸ் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாலும் வெறும் கணக்குதான். 2003–2007 நான்கு சிலிண்டர் ஹோண்டா அக்கார்டில் ட்ரெய்ன் போல்ட்டைக் கழற்றினால் இறங்குவது ஏறத்தாழ இரண்டரை லிட்டர். இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரிலும், ஆயிலைக் குளிர்விக்கும் கூலரிலும் அதைவிட அதிகமாகவே பழசு தங்கிவிடும். ஒருமுறை மாற்றினால் உள்ளே ஓடுவதில் சுமார் 60 சதவீதம் பழைய ஆயில். அது சிவப்பாக எப்படி இருக்கும்? போதாததற்கு, புது ஆயிலின் டிடர்ஜென்ட் பழைய படிவையும் கரைத்து இழுத்து வரும்.

செலவு செய்யும் முன் ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூவில் விட்டுப் பாருங்கள். பழுப்பாகப் பரவி, தீய்ந்த வாடை இல்லையென்றால் வெறும் வயசுதான். கருப்பாக, தீய்ந்த நாற்றத்தோடு, நடுவில் துகள் நின்றால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது; ஆயில் மாற்றி அதை மீட்க முடியாது. ரோஸ் மில்க் மாதிரி இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் கசிந்து, கூலன்ட் ஆயிலில் கலந்திருக்கிறது. அப்போது ஆயிலுக்கு முன் ரேடியேட்டர்.

வடித்து ஊற்றும் முறையை மூன்று தடவை செய்தால் பழசு 60, 36, 22 சதவீதம் என்று குறையும். நாலாவது தடவையில் 13. அந்தக் கூடுதல் காசு எனக்கு அவ்வளவு நியாயமாகப் படவில்லை. ஒவ்வொரு தடவைக்கும் நடுவே எல்லா கியரும் விழும்படி பத்துப் பதினைந்து கிலோமீட்டராவது ஓட்ட வேண்டும், இல்லையேல் கன்வெர்ட்டரில் இருப்பது கலக்காது. போல்ட்டுக்கு 3/8 அங்குல சதுர முனை ராட்செட் நேராகப் பொருந்தும். 18 மி.மீ. வாஷரைப் புதுசாகப் போட்டு 49 நியூட்டன் மீட்டரில் முறுக்கினால் போதும். போல்ட் முனைக் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை சகஜம். ஊசி போன்ற சிலும்புகள் சகஜமில்லை.

மெஷின் முறை ஒரே அமர்வில் ஏறக்குறைய முழுவதையும் மாற்றிவிடும், அதில்தான் ஆசை. சிக்கல் வேறு இடத்தில். பல கடைகளில் எல்லா வண்டிக்கும் ஒரே 'யுனிவர்சல்' ஆயில்தான், முந்தைய வண்டியின் மிச்சமும் குழாயில் இருக்கும். அழுத்தம் கொடுத்துத் தள்ளும் மெஷின் படிவைப் பெயர்த்து கியர் மாற்றத்துக்கு ஆயிலைத் திருப்பிவிடும் வால்வ் பாடியின் நுண்ணிய வழிகளில் கொண்டு அடைத்துவிடலாம். கூலர் ஹோஸைக் கழற்றி, கியர்பாக்ஸின் சொந்த பம்ப்பே வெளியேற்றும்படி, ஒரு லிட்டர் வந்ததும் இன்ஜினை நிறுத்தி ஒரு லிட்டர் ஊற்றிச் செய்தால் அந்த ஆபத்து குறைவு. ஆனால் இரண்டு பேர் வேண்டும், கவனம் சிதறினால் பம்ப் வறண்டு ஓடும்.

கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றி ஃபில்டர் மாற்றுவது பழைய டொயோட்டாக்களுக்குப் பொருந்தும். தட்டில் உள்ள காந்தங்களைத் துடைக்க முடிவதே பெரிய லாபம். இந்த அக்கார்டில் அப்படித் தட்டு கிடையாது, பேச்சே இல்லை.

ஆயிலில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய இஸட்-1 ஆயில் கேட்கும் ஹோண்டாவுக்கு டி.டபிள்யூ-1 ஆயில் போடலாம், டொயோட்டாவில் டி-4 ஆயில் கேட்கும் கியர்பாக்ஸுக்கு டபிள்யூ.எஸ். ஆயில் போடக் கூடாது. அளவு பார்ப்பதிலும் வித்தியாசம் உண்டு: ஹோண்டாவில் வண்டி நன்றாகச் சூடான பின், இன்ஜினை அணைத்து ஒன்றரை நிமிடத்துக்குள்; டிப்ஸ்டிக் உள்ள டொயோட்டாவில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே.

மூன்று தடவை மாற்றியும் பத்தாயிரம் கிலோமீட்டருக்குள் மறுபடி கறுத்தால், காரணம் சூடு. நெரிசலிலும் ஏற்றத்திலும் ஓடும் வண்டிக்குத் தனி கூலர் பொருத்துவது இன்னொரு சுற்று ஆயிலைவிடப் பயன் தரும். அதற்கு முன், 70–80 கி.மீ. வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை ஒரே நிலையில் வைத்து ஆர்.பி.எம். முள்ளைப் பாருங்கள். அது மேலும் கீழும் ஆடி, வண்டி லேசாக நடுங்கினால் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் லாக்கப் கிளட்ச் வழுக்குகிறது; அங்கே கூலரும் உதவாது, கன்வெர்ட்டரைத்தான் பார்க்க வேண்டும்.