டென்ட் அடுப்புக்கு மிலாறா, கருப்பந்தைலமா?

கூடாரத்துக்குள் வைக்கிற தகர அடுப்பின் வாய் சின்னது. சின்ன அடுப்பாக இருந்தால் ஒரு சாண் நீளத்துக்கு மேல் விறகு உள்ளே போகாது. அதனால் வீட்டு அடுப்பை நினைத்து விறகு சேர்த்தால் சரிவராது.

கருப்பந்தைலம் (யூகலிப்டஸ்) கனமான மரம். காய்ந்த துண்டு நின்று எரியும், தணலும் நெடுநேரம் கிடக்கும். நுவரெலியா குளிரில் ராத்திரிக்கு அதுதான் வேண்டும். ஆனால் நார் பின்னிய மரம். காய்ந்தபிறகு கோடரிக்கு லேசில் மசியாது. பச்சையிலேயே பெருவிரல் தடிப்புக்குப் பிளந்துவிட வேண்டும். முழு உருளையாக விட்டால் மாதக்கணக்கில் உள்ளே ஈரம் இருக்கும்.

மிலாறு என்பது தேயிலைச் செடியைக் கவ்வாத்து பண்ணும்போது, அதாவது கத்தரிக்கும்போது, விழும் குச்சி. அதில் இந்தப் பாடு கிடையாது. கவ்வாத்து முடிந்த தேயிலை மலையில் கிடப்பதே விரல் தடிப்பும் மணிக்கட்டுத் தடிப்பும்தான். கத்தியால் சாண் சாணாகத் தறித்தால் வேலை முடிந்தது. சீக்கிரம் காயும், சீக்கிரம் பற்றும், சீக்கிரம் தீர்ந்தும் போகும். தேத்தண்ணிக்கும் சோற்றுக்கும் அருமை. விடியும்வரை அதையே நம்பினால் தூக்கம் போச்சு. ஒரே மலையில் 3 முதல் 5 வருடத்துக்கு ஒருமுறைதான் கவ்வாத்து என்பதால், வெட்டுகிற நேரம் தோட்டத்தில் கேட்டுச் சேர்த்துக்கொள்வது நல்லது.

பைனஸ் (பைன் மரம்)? பிசின் இருப்பதால் பற்றவைக்கச் சிராய் போதும். அதையே எரித்துக்கொண்டிருந்தால் புகைக்குழாயில் கரி அப்பிக்கொள்ளும்.

என்னைக் கேட்டால் சமையலுக்கு மிலாறு, படுக்கும்போது கருப்பந்தைலம். ஆனால் மரத்தைவிடச் சேமிப்பில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். அடுக்கை நாலுபக்கமும் படங்கால் (தார்ப்பாய்) போர்த்தினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூஞ்சணம் பிடிக்கும். கல்மேல் தூக்கி அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விடுவதே சரி. எடுத்துப் போக உரப்பை (உரம் வரும் பிளாஸ்டிக் பை) மழைக்கு நல்லது, ஆனால் அதிலேயே நாள்கணக்கில் கட்டி வைத்தால் வேர்க்கும். இருப்புக்குச் சணல் சாக்குதான். வீட்டு அடுப்புக்கு மேலே பரண் இருந்தால் இரண்டையும்விட அது மேல்.

காலமும் இடத்துக்கு இடம் மாறும். ஹட்டன், நுவரெலியா பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை காயவைக்கலாம். மே மாதத்துக்குப் பிறகு தென்மேல் பருவமழை விடாது. பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை விறகு நன்றாகக் காயும். கூடாரத்துக்குள் அன்றிரவு விறகை மட்டும் கொண்டுபோங்கள், அதையும் அடுப்போடு ஒட்டி வைக்காதீர்கள். ஈர விறகைப் பக்கத்தில் வைத்து உலர்த்தப் போனால் அந்த ஈரமெல்லாம் துணியில் வேர்த்துப் போர்வையில் சொட்டும்.