22,000 ரூபாய்க்கு 'டீ கப்' நாய்க்குட்டி: வாங்கும் முன் இதைப் படியுங்கள்

22,000 ரூபாய் போச்சு. குட்டியும் போச்சு. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் 'சரி, விடு' என்று எனக்கே தோன்றிவிடும்.

எங்கள் உச்சிப்புளிப் பக்கம் இந்த மாதிரிச் சின்ன இனக் குட்டி வேண்டுமென்றால் வெளியூரில்தான் கேட்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் பக்கம் வைத்து விற்கும் ஒரு வெளியூர்க் கடை. பெயர் வேண்டாம், இந்த மாதிரிக் கடைகள் எல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடுகின்றன. 'டீ கப் பொமரேனியன்' என்று போட்டு, டீ குடிக்கிற கப்புக்குள் குட்டியை உட்கார வைத்து ஒரு வீடியோ. அதைப் பார்த்ததிலிருந்து என் மகளுக்கு வேறு பேச்சே இல்லை.

நேரில் வந்து பார்த்துத்தான் வாங்குவேன் என்று சொன்னேன். உடனே ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. "எதுக்குண்ணே அலையுறீங்க? எங்க அம்மா ஊரு தொண்டிதான். நம்ம ஊரு ஆளுக்கே தப்பா குடுப்பேனா?" கூடவே தடுப்பூசிப் புத்தகத்தின் போட்டோ. வயது இரண்டு மாதம் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. எங்கள் மாவட்டத்துக் கடலோர ஊரான தொண்டியின் பேரைக் கேட்டதும் வீட்டில் எல்லோருக்கும் மனசு இளகிவிட்டது. பாதி இப்போது, மீதி குட்டி வந்தபின் என்றேன். "முழுசா வந்தாத்தான்ணே பஸ்ல ஏத்துவாங்க" என்றார். ஜிபேயில் 22,000 போட்டேன்.

குட்டி ஆம்னி பஸ்ஸில் வந்தது. பழக்கூடை, மேலே வலை, அடியில் நனைந்த செய்தித்தாள். க்ளீனர் தனியாக 300 ரூபாய் வாங்கிக்கொண்டார். வீட்டில் இறக்கிவிட்டால் குட்டிக்கு நிற்கவே தெம்பில்லை.

ராமநாதபுரத்தில் டாக்டர் வாயைத் திறந்து பார்த்தார். "ரெண்டு மாசக் குட்டிக்குப் பால்பல் பூராவும் இருக்கணும். இதுக்கு இப்பத்தான் முளைக்குது. தாயை விட்டே பிரிச்சிருக்கக் கூடாது." புத்தகத்தில் ஊசி மருந்து ஸ்டிக்கர் இருந்தது, டாக்டர் கையெழுத்து இல்லை, பதிவு எண் இல்லை. வேறெதிலிருந்தோ உரித்து ஒட்டியதில் ஸ்டிக்கரின் ஓரம் கிழிந்திருந்தது. இவ்வளவு சின்னக் குட்டிக்கு உடம்பில் சேமிப்பே கிடையாதாம். சில மணி நேரம் வயிறு காய்ந்தாலே சர்க்கரை இறங்கி வலிப்பு வரை போகும். இது ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் வந்த குட்டி. குளுக்கோஸ் ஏற்றினார்கள். பிழைக்கவில்லை.

கடைக்காரரிடம் சொன்னேன். முதலில் "டாக்டர் சீட்டு அனுப்புங்க" என்றார். அனுப்பினேன். அப்புறம், "கடல்காத்து ஒத்துக்கலைண்ணே." அம்மா ஊர் தொண்டி என்றவருக்குக் கடல்காற்று இப்போதுதான் ஞாபகம் வருகிறது! அப்புறம், "பில் இருக்கா?" பில் தராதவரே அவர்தான். கடைசியாக ஒரு பெருந்தன்மை: "வேற குட்டி தர்றேன், பாக்ஸ், டெலிவரிக்கு 3,500 மட்டும் போடுங்க." 22,000 விழுங்கியது போதவில்லை.

வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டியதை எல்லாம் விவரமாக எழுத நினைத்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான். 'டீ கப்' என்று, நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் எதுவும் ஒரு இனத்தை ஏற்கவில்லை. வயது குறைந்த குட்டிக்கும் நோஞ்சான் குட்டிக்கும் விற்பனைக்காக வைத்த பெயர் அது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-இல் வந்த மத்திய அரசு விதியே இருக்கிறது. விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், அந்தச் சான்றைக் கேளுங்கள். தாயையும் குட்டியின் பல்லையும் நேரில் பாருங்கள். முழுப் பணம் முதலிலேயே வேண்டாம். சின்ன இனங்களுக்கு முழங்கால் சில்லு நழுவும், மூச்சுக்குழலும் பலவீனம். அதனால் கழுத்துப்பட்டை வேண்டாம், மார்பில் மாட்டும் பெல்ட் போடுங்கள். குட்டி துவண்டால் ஈறில் குளுக்கோஸ் தடவிக்கொண்டே டாக்டரிடம் ஓடுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். 22,000 இன்னும் வரவில்லை. கடைக்காரர் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். தம்பி போனிலிருந்து கூப்பிட்டேன், முதல் ரிங்கிலேயே எடுத்து, "சொல்லுங்கண்ணே, பொமரேனியனா, சிவாவாவா?" என்கிறார்.