பெயின்ட் அடிக்காமல் விற்றோம்

மூன்று வார லீவில் மெல்போர்னிலிருந்து கோவைக்குப் போனது அப்பாவின் வருஷ திதிக்கு. அதோடு இன்னொரு வேலையும் இருந்தது. ஷெட்டில் நிற்கும் மாரிஸ் மைனர் காரை விற்க வேண்டும். 1949 மாடல், துணி டாப்பை மடக்கித் திறக்கிற வண்டி. வால்பாறையில் ஒரு எஸ்டேட் துரையிடம் தாத்தா வாங்கியது. ஓடி முப்பது வருஷமாகிறது. அம்மா அபார்ட்மென்ட்டுக்கு மாறுவதால் இனி அதை வைத்துக்கொள்ள வழியில்லை.

முதலில் வந்த புரோக்கர் முன்பம்பரைத் தட்டிக் காட்டினார். நடுவில் ஒரு பட்டை வைத்து ஒட்டுப் போட்டிருக்கிறது. "அடிபட்ட வண்டி சார். 80,000, கையில கேஷ்" என்றார். இரண்டாமவர், டிங்கரிங் பார்த்து, பெயின்ட் அடித்து, மாருதி இன்ஜின் ஏற்றினால் நல்ல விலை போகும் என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. பெயின்ட் உரிந்து, டாப் கிழிந்து, சீட்டில் எலி குடும்பம் நடத்திய வண்டியை அப்படியே எவர் வாங்குவார்?

உக்கடத்தில் அப்பாவுக்கு வண்டி பார்த்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். ஆட்டோ பிடித்து வந்தவர் பம்பரைப் பார்த்ததும் குனிந்து அந்தப் பட்டையை விரலால் தடவினார்.

"இது அடிபட்டதில்லீங்க தம்பி. கம்பெனியிலயே இப்படித்தான் வந்துச்சு. தயவு பண்ணி எதுலயும் கை வெச்சுறாதீங்க."

அவர் சொன்னது உண்மை. மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், எல்லாம் முடிகிற நேரத்தில் வண்டி ஒடுங்கித் தெரிகிறதென்று நான்கு அங்குலம் அகலப்படுத்தினார். அதற்குள் பம்பர்கள் தயாராகிவிட்டதால், அவற்றை நடுவில் வெட்டிப் பட்டை வைத்து இணைத்தார்கள். தொடக்க கால வண்டி என்பதற்கே அதுதான் அடையாளம். கிரில்லோடு ஒட்டித் தாழ இருக்கும் ஹெட்லைட்டும் அப்படியே. இன்ஜினும் பழைய 918 சிசி சைடு வால்வுதான். புரோக்கர் குறை சொல்லி விலையைக் குறைத்த இடம்தான் வண்டியின் மதிப்பே. இதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

சட்டமும் அதையே கேட்கிறது. 2021 ஜூலையில் வந்த விதிப்படி, முதல் பதிவாகி 50 வருஷம் கடந்த வண்டியை விண்டேஜ் வண்டியாகப் பதியலாம், ஆனால் சேஸி, பாடி, இன்ஜினைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. மாருதி இன்ஜினை ஏற்றியிருந்தால் அந்தக் கதவே அடைபட்டிருக்கும்.

அலைச்சல் எல்லாம் காகிதத்தில்தான். ஆர்.சி. அப்பா பெயரில். வாரிசுச் சான்றுக்கு அம்மா முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வைத்திருந்தது பெரிய புண்ணியம். அங்கிருந்த பெண் ஒவ்வொரு காகிதத்தையும் பொறுமையாகச் சரிபார்த்துக் கொடுத்ததை அம்மா இன்னும் சொல்கிறார். டொரன்டோவில் இருக்கும் தங்கை, அம்மா பெயருக்கு மாற்றச் சம்மதம் என்று இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டுக் கூரியரில் அனுப்பினாள். அப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீஸ். அது புத்தக வடிவ ஆர்.சி., 'எம்.டி.' என்று தொடங்கும் மதராஸ் மாகாண எண். கம்ப்யூட்டரில் அந்த வண்டியே இல்லை. பழைய பதிவேட்டைப் பார்த்து ஏற்றினால்தான் மேற்கொண்டு நகரும். மூன்று முறை "நாளைக்கு வாங்க." நாலாம் முறை வேறொரு ஊழியர் தூசி தட்டி லெட்ஜரை எடுத்து, தாத்தா பெயர் இருந்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அந்த மனிதருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். படிவம் 31 கொடுத்து அம்மா பெயருக்கு மாற்றினோம். விற்பனைக்கு 29, 30.

நீங்களும் இப்படி ஒரு வண்டியை விற்க ஊருக்குப் போவதாக இருந்தால், வாரிசுச் சான்றும் வெளிநாட்டுக் கையெழுத்துகளும் கைக்கு வந்தபின் டிக்கெட் போடுங்கள். ரொக்கத்துக்கு ஒப்புக்கொள்ளவே வேண்டாம். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ கேஷாக வாங்குவது சட்டப்படி தப்பு.

வாங்கியவர் திருப்பூர்க்காரர், பழைய வண்டிகளை வைத்துப் பராமரிப்பவர். டார்ச்சும் சின்னக் காந்தமும் கொண்டுவந்து, காந்தம் ஒட்டாதபடி எங்காவது பட்டி பூசியிருக்கிறதா என்று பாடி முழுக்க வைத்துப் பார்த்தார். சேஸி எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிட்டார். டாப்பின் இரும்புச் சட்டம் முழுசாக இருப்பதைக் கண்டு அவர் முகம் மலர்ந்தது. விலையை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். புரோக்கர் சொன்னதைப் போலப் பல மடங்கு. அம்மாவின் வங்கிக் கணக்குக்கே பணம் வந்தது.

ஏற்றிப் போக லாரி வந்த காலையில் மெக்கானிக்கும் வந்திருந்தார். தான் கொண்டுவந்த பேட்டரியின் ஒயரை மாட்டி, ஒரு சுவிட்சைத் திருப்பினார். கதவுக்குப் பக்கத்திலிருந்து, வண்டி திரும்பும் பக்கத்தைக் காட்டும் ஆரஞ்சு நிறக் கைகாட்டி மெதுவாக வெளியே நீண்டது. உள்ளே பல்பும் எரிந்தது. வலது பக்கத்தது அசையவில்லை.

அம்மா வாசற்படியிலிருந்து எழுந்து வந்து, "இன்னொரு தடவை போடுங்க" என்றார்.